வெள்ளவத்தை நெசவாலை, 1933: தொழிலாளரின் கோபம் இனத்தால் பிளந்த கதை

வெள்ளவத்தை என்றதும் எமக்கு நினைவுக்கு வருவது காலி வீதிக் கடைகளும், தொடர்மாடிகளும், யுத்த காலத்தில் வடக்கு கிழக்கிலிருந்து வந்தோர் தங்கிய லொட்ஜுகளும்தான். இதே வெள்ளவத்தையில் ஒரு காலத்தில் பெரியதொரு நூல் நெசவாலை இயங்கியது. 1933 பெப்ரவரியில் அங்கு வேலை செய்த ஏறத்தாழ 1,400 பேர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். உலகப் பொருளாதார மந்தத்தைக் காரணம் காட்டி நிர்வாகம் கூலியைக் குறைத்ததே அதற்குக் காரணம். தொழிலாளரில் பெரும்பாலானோர் இந்தியாவிலிருந்து வந்தவர்கள். மலையாளிகள் அவர்களில் அதிகம்.

இந்தக் கதையின் வேர் மாளிகாவத்தை, மருதானைப் பக்கத்தில் இருக்கிறது. புகையிரதத் தொழிலாளரும் துறைமுகத் தொழிலாளரும் வாழ்ந்த மத்திய கொழும்பில்தான் ஏ.ஈ. குணசிங்க 1922 இல் இலங்கைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே கொழும்பில் பொது வேலைநிறுத்தம் நடந்தது. அந்தச் சங்கத்தில் சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் மலையாளிகளும் ஒன்றாக நின்றனர். பின்னாளில் மலையகத் தொழிலாளரின் தலைவரான கோ. நடேசையர் அதன் உப தலைவராக இருந்தார்.

1929 இல் கொழும்பு ட்ராம் வண்டித் தொழிலாளர் வேலையை நிறுத்தினர். நிர்வாகம் வெளியாட்களைக் கொண்டு வண்டிகளை ஓட்ட முயன்றது. கலவரம் மூண்டு மருதானைப் பொலிஸ் நிலையம் தாக்கப்பட்டது; துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. அதே ஆண்டு முதலாளிமார் சம்மேளனம் குணசிங்கவின் தொழிற்சங்க காங்கிரசுடன் உடன்படிக்கை செய்தது. கதவடைத்துக்கொண்டிருந்த முதலாளிமார் தொழிற்சங்கத்துடன் மேசையில் அமர்ந்தது அப்போதுதான்.

அதன்பின் மந்தம் வந்தது. வேலைகள் குறைந்தன. "எங்கள் வேலையை இந்தியர் பறிக்கிறார்கள்" என்ற பேச்சு எழுந்தது. குணசிங்க அந்தப் பேச்சின் பக்கம் சாய்ந்தார். இந்தியத் தொழிலாளர் மீதான அவரது போக்கை ஏற்க முடியாமல் நடேசையர் அதற்கு முன்னரே விலகிவிட்டார். 1931 இல் தோட்டத் தொழிலாளருக்கெனத் தனிச் சம்மேளனம் அமைத்தார்.

இந்தச் சூழலில்தான் நெசவாலை வேலைநிறுத்தம் வந்தது. ஒருகாலத்தில் கொழும்புத் தொழிலாளரின் ஒரே தலைவராக இருந்த குணசிங்க, இம்முறை வேலைநிறுத்தக்காரருக்கு எதிராக நின்றார். நிர்வாகத்துக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? கூலிக்குறைப்புப் பற்றிய கேள்வி, யார் உள்ளூர், யார் வெளியூர் என்ற கேள்வியாக மாறிவிட்டது.

தொழிலாளர் பக்கம் நின்றவர்கள் வாலிபர் லீக் இளைஞர்கள். வெள்ளவத்தை ஆலைத் தொழிலாளர் சங்கம் உருவானது. அதன் தலைவர் சட்டத்தரணி கொல்வின் ஆர். டி சில்வா, செயலாளர் வேர்ணன் குணசேகர. போராட்டம் முழு வெற்றி பெறவில்லை. ஆனால் கொழும்புத் தொழிலாளரிடையே குணசிங்கவுக்கு இருந்த தனியாதிக்கம் உடைந்தது. 1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சி பிறப்பதற்கு வழி சமைத்த நிகழ்வுகளில் இதுவும் ஒன்று.

பிந்திய வரலாறு கசப்பானது. 1948 இல் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது. 1956 இல் தனிச் சிங்களச் சட்டத்தை எதிர்த்து வாதாடிய அதே கொல்வின், 1972 இல் அரசியலமைப்பு விவகார அமைச்சராக இருந்து, சிங்களத்துக்கு ஆட்சிமொழி நிலையையும் பௌத்தத்துக்கு முதன்மை இடத்தையும் கொடுத்த யாப்பை உருவாக்கினார். மலையாளித் தொழிலாளருக்காக ஆலை வாசலில் நின்றவரும் கடைசியில் பெரும்பான்மையின் கணக்குக்குப் பணிந்தார்.

இன்று வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் பிள்ளைகள் கொழும்புக் கடைகளுக்கும் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் வேலைக்குப் போகிறார்கள். மேற்பார்வையாளரின் ஏச்சு, கணக்கில் வராத மேலதிக நேரம், தெரியாத மொழியில் நீட்டப்படும் கடிதம் ஆகியவற்றைப் பலர் பொறுத்துக்கொள்கிறார்கள். தனியாள் பேசினால் வேலை போகும் என்ற பயம். அவர்கள் தெரிந்திருக்க வேண்டியவை சில உண்டு:

• 1935 இன் தொழிற்சங்கக் கட்டளைச் சட்டப்படி 7 பேர் சேர்ந்தால் சங்கம் பதியலாம்.

• 1999 இன் திருத்தச் சட்டப்படி, தொழிலாளரில் 40 வீதமானோரை உறுப்பினராகக் கொண்ட சங்கத்துடன் பேச முதலாளி மறுக்க முடியாது. சங்கத்தில் சேர்ந்ததற்காக வேலையால் நிறுத்துவதும் குற்றம்.

• ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியர் 8 வீதமும் முதலாளி 12 வீதமும் செலுத்த வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதிக்கான 3 வீதம் முழுவதும் முதலாளியுடையது, சம்பளத்தில் வெட்டக்கூடாது.

• அநியாயமாக வேலை நீக்கினால் 6 மாதங்களுக்குள் தொழில் நியாய சபையில் முறையிட வேண்டும். சம்பளம், சேமலாப நிதி பற்றிய முறைப்பாடுகளைத் தொழில் திணைக்களத்தில் கொடுக்கலாம்.

சட்டம் கையில் இருந்தாலும் அதைப் பிரயோகிக்க ஆட்கள் ஒன்றாக நிற்க வேண்டும். பக்கத்து இயந்திரத்தில் நிற்பவரின் மொழி வேறாக இருக்கலாம். சம்பளச் சீட்டில் வெட்டப்படும் தொகை இருவருக்கும் ஒன்றே. 1933 இல் வெள்ளவத்தை ஆலையில் மறக்கப்பட்டது அதுதான்.