லினக்ஸில் ‘அநாதை’ பேக்கேஜ்: கண்டுக்காம விட்டா என்ன ஆகும்?

லினக்ஸ் கம்ப்யூட்டரில் சாஃப்ட்வேர்கள் ‘பேக்கேஜ்’ வடிவில் வருகின்றன. ஒவ்வொன்றையும் கவனிக்க ஒரு பராமரிப்பாளர் இருப்பார். பலர் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். அவர் விலகி, வேறு ஆளும் வராவிட்டால் அந்த பேக்கேஜ் ‘அநாதை’. ஆனாலும் உங்க கம்ப்யூட்டரில் அது வழக்கம்போல ஓடும். அதுதான் சிக்கலே.

ஆர்ச் லினக்ஸில் நடந்தது என்ன?

ஆர்ச் லினக்ஸ் பயனர்கள் தாங்களே பேக்கேஜ்களைப் பகிரும் தளம் ‘ஏயூஆர்’. அதில் ‘அக்ரோரீட்’ என்ற பிடிஎஃப் ரீடர் பேக்கேஜ் அநாதையாகக் கிடந்தது. அப்படிப்பட்டதை பதிவு செய்த எந்தப் பயனரும் தத்தெடுக்கலாம். 2018 ஜூலையில் தத்தெடுத்த ஒருவர், வெளியிலிருந்து ஸ்கிரிப்ட்டை இறக்கி ஓட்டும் வரியை அதில் நுழைத்தார். கம்ப்யூட்டர் விவரங்களைச் சேகரிப்பதே அதன் வேலை. விஷயம் வெளியே வந்ததும் மாற்றம் நீக்கப்பட்டு, அவரது கணக்கு முடக்கப்பட்டது.

பழைய வெர்ஷன் என்றாலே ஆபத்தா?

இல்லை. டெபியனின் ‘ஸ்டேபிள்’ பதிப்பில் வெர்ஷன் எண் பெரும்பாலும் பழசாகவே இருக்கும். பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் அதிலேயே சேர்த்துவிடுவார்கள். எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். திருத்தம் போட ஆள் இருக்கா என்பதுதான் கேள்வி.

ஆள் இல்லாவிட்டால்?

டெபியனில் அநாதை பேக்கேஜ்கள் தரக் கட்டுப்பாட்டுக் குழுவின் பொறுப்புக்குப் போகும். புது ஆள் தேவை என்ற பட்டியலும் வெளியாகும். யாரும் வராமல் பழுது கூடினால் பேக்கேஜ் நீக்கப்படலாம். மூல சாஃப்ட்வேரே கைவிடப்பட்டாலும் இதே கதிதான். பைத்தான் 2-க்கான ஆதரவு 2020 ஜனவரி 1-ல் முடிந்தது. 2023-ல் வந்த டெபியன் 12-ல் அது இல்லை. ஆனால் ஏற்கெனவே இன்ஸ்டால் செய்தது, சிஸ்டத்தை அப்கிரேட் செய்த பிறகும் திருத்தம் எதுவும் வராமல் அப்படியே தங்கிவிடலாம்.

நீங்கள் என்ன செய்யலாம்?

• பயன்படுத்தாத பேக்கேஜ்களை நீக்கிவிடுங்கள்.

• டெபியனில் அப்கிரேட் முடிந்ததும் ‘ஆப்டிட்யூட்’ கருவியைத் திறங்கள். கைவிடப்பட்ட பேக்கேஜ்களைத் தனிப் பிரிவாகக் காட்டும்.

• ஏயூஆர் பேக்கேஜை அப்டேட் செய்யும் முன், பராமரிப்பாளர் மாறியிருக்கிறாரா, பில்ட் ஃபைலில் புதிதாக என்ன சேர்ந்திருக்கிறது என்று பாருங்கள்.

• உபுண்டுவில் ‘மெயின்’ பிரிவை கனானிகல் நிறுவனம் கவனிக்கிறது. ‘யூனிவர்ஸ்’ பிரிவு தன்னார்வலர்கள் கையில். எல்டிஎஸ் பதிப்பில் ‘உபுண்டு ப்ரோ’ சேர்த்தால் யூனிவர்ஸுக்கும் பாதுகாப்புத் திருத்தம் கிடைக்கும். சொந்த உபயோகத்துக்கு 5 கம்ப்யூட்டர் வரை இலவசம்.

• அந்த பேக்கேஜ் இல்லாமல் முடியாது, உங்களுக்குத் தொழில்நுட்பமும் தெரியும் என்றால் நீங்களே தத்தெடுக்கலாம்.