திருவிதாங்கூரில் பாங்கியும் ஏழையின் சேமிப்பும்

ஏழை எளியவர் பாங்கியை நாடாமைக்கு அறியாமையே காரணம் என்பார் உளர். திருவிதாங்கூரின் வரலாற்றை அறிந்தார் அங்ஙனம் கூறார். இந்நாட்டில் சிறு பாங்கிகள் மலிந்தே இருந்தன. அவற்றின்மேல் மக்கள் வைத்த நம்பிக்கைதான் இருமுறை முறிந்தது.

1937-ஆம் ஆண்டில் திருவிதாங்கூர் நேஷனல் பாங்கியும் குயிலான் பாங்கியும் ஒன்றாக இணைந்தன. மறு ஆண்டு ஜூன் மாதத்திலேயே அப்பெரும் பாங்கி கதவடைத்தது. திவான் சர் சி. பி. இராமசாமி ஐயரின் அரசியற் பகையே அதை வீழ்த்திற்று என்று வாதிடுவார் இன்றும் பலர். அவ்வழக்கு நமக்கு வேண்டா. பகை யாருடையதாயினும், சிறுகச் சேர்த்தவனுக்கன்றோ வேறு வழியில்லாமற் போயிற்று!

அரசின் ஆதரவோடு 1945-இல் திருவிதாங்கூர் பாங்கி தோன்றியது. எனினும் 1960 ஆகஸ்டில், ரிசர்வ் பாங்கியின் மனுவின்மேல் கேரள உயர்நீதிமன்றம் இட்ட ஆணையால் பாலாய் சென்ட்ரல் பாங்கி மூடப்பட்டது. கேரளம் கலங்கிற்று.

அக்கலக்கத்திலிருந்து பாரதம் முழுமைக்கும் ஒரு நன்மை விளைந்தது. 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வைப்புத்தொகைக் காப்புறுதிக் கழகம் அமைந்து, 1962 ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அதற்குரிய கட்டணத்தைப் பாங்கியே செலுத்தும். பணம் போட்டவர் செலுத்த வேண்டுவதில்லை. பாங்கி நொடித்தால் ஒருவருக்கு 1,500 ரூபாய் வரை கிடைக்கும் என்பது அன்றைய வரம்பு. செல்வருக்கு அது துரும்பு. கூலிக்குடும்பத்துக்கோ, பெரும்பாலும் அதன் முழுச் சேமிப்பும் அதற்குள் அடங்கிவிடும். 2020 முதல் வரம்பு 5 இலட்சம் ரூபாய்.

பணத்துக்குக் காப்பு கிடைத்த பின்னும் வாயில் எளிதில் திறக்கவில்லை. குறைந்தபட்ச இருப்பு, அறிமுகம் செய்வார் கையொப்பம், முகவரிச் சான்று எனத் தடைகள் பல. நம்மைப் போல் ஊர்விட்டு ஊர் வந்தார்க்கு முகவரிச் சான்றே பெரும் மதில். 1998-இல் தொடங்கிய குடும்பஸ்ரீ இம்மதிலைச் சுற்றி ஒரு வழி கண்டது. அயலகப் பெண்கள் பத்து முதல் இருபது பேர் கூடி வாரந்தோறும் சிறுதொகை சேர்ப்பர். குழுவின் பெயரில் கணக்கு. ஈடு வைக்க நகையில்லாதாருக்கும் குழுவின் நாணயத்தின்மேல் பாங்கிக் கடன். இருப்புத் தொகையின்றியும் கணக்குத் தொடங்க வகை செய்யுமாறு ரிசர்வ் பாங்கி பணித்தது 2005-இல்தான். ஜன்தன் திட்டம் 2014-இல் வந்தது.

நம் குடியிருப்பில் மாதச் சீட்டுக்கு உள்ள மதிப்பு பாங்கிக் கணக்குக்கு இன்னும் வரவில்லை. சீட்டுப் பணம் மேற்கூறிய காப்புறுதியில் அடங்காது. தெருமுனைக் கூட்டுறவுக் கடன் சங்கம் பாங்கி என்று பெயர்ப்பலகை மாட்டியிருப்பினும், அங்கு வைத்த பணத்துக்கும் அக்காப்புறுதி இல்லை. மாநிலத்தின் தனி உறுதி நிதியில் அச்சங்கம் சேர்ந்துள்ளதா என்று கேட்டறிந்தே பணம் வைத்தல் வேண்டும்.