தேனி மாவட்டத்தில் படைவீரர் குடும்பக் குழந்தைகள் நலம்

படைவீரர் குடும்பக் குழந்தைகள் நலம் என்பது தரைப்படை, கடற்படை, வான்படை ஆகியவற்றில் பணிபுரிவோரின் பிள்ளைகளுக்கான குழந்தைப் பராமரிப்பு, கல்வி, இளையோர் பயிற்சி, உதவித்தொகை ஆகியவற்றைக் குறிக்கும். இந்தியாவில் இவற்றுள் பராமரிப்பும் பள்ளிகளும் பெரும்பாலும் படைமுகாம்களுக்கு உள்ளேயோ அவற்றை ஒட்டியோ அமைந்துள்ளன. தமிழ்நாட்டின் தேனி மாவட்டத்திலும் அதன் பகுதியான கம்பம் பள்ளத்தாக்கிலும் நிலையான படைத்தளம் எதுவும் இல்லை. ஆகவே இங்கு ஊரிலேயே வளரும் படைவீரர் பிள்ளைகளுக்கு அங்கன்வாடி, அரசுப் பள்ளி போன்ற பொதுச் சேவைகளும் பணமாகக் கிடைக்கும் உதவிகளுமே முதன்மையாக உள்ளன.

புவியியல் பின்னணி

தேனி மாவட்டம் முன்பு மதுரை மாவட்டத்தின் பகுதியாக இருந்தது. இது தேனி, பெரியகுளம், ஆண்டிபட்டி, போடிநாயக்கனூர், உத்தமபாளையம் என ஐந்து வட்டங்களைக் கொண்டது. கம்பம் பள்ளத்தாக்கு ஒருபுறம் ஏலமலைக்கும் மறுபுறம் மேகமலைக்கும் இடையில் அமைந்துள்ளது. சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் ஆகியவை இதன் முதன்மையான ஊர்கள். 1895இல் முல்லைப் பெரியாறு அணை கட்டி முடிக்கப்பட்டதால் இப்பள்ளத்தாக்கு நெல், வாழை, தென்னை, திராட்சை விளையும் பாசனப் பகுதியாக விளங்குகிறது. அணையைக் கட்டிய ஜான் பென்னிகுவிக் ஒரு படைப்பொறியாளர் ஆவார்.

கம்பத்திலிருந்து தேனி சுமார் 40 கி.மீ. தொலைவிலும், தேனியிலிருந்து மதுரை சுமார் 75 கி.மீ. தொலைவிலும் உள்ளன. மதுரை - போடிநாயக்கனூர் இருப்புப்பாதை அகலப்பாதையாக மாற்றப்படுவதற்காக 2010 இறுதியில் மூடப்பட்டது. தொடர்வண்டி மீண்டும் தேனிக்கு 2022இலும் போடிநாயக்கனூருக்கு 2023இலும் வந்தது. கம்பத்திற்கு இருப்புப்பாதை இல்லை. தமிழ்நாட்டில் படை நிலையங்கள் நீலகிரியின் வெலிங்டன், கோவை அருகே சூலூர், தஞ்சாவூர், அரக்கோணம், தாம்பரம், ஆவடி முதலிய இடங்களில் உள்ளன. இவற்றுள் எதுவும் பள்ளத்தாக்கிலிருந்து ஒரு குழந்தை நாள்தோறும் சென்றுவரக்கூடிய தொலைவில் இல்லை.

தேனி மாவட்ட இளைஞர்கள் தரைப்படையில் சேருவதற்கான ஆள்சேர்ப்புப் பணிகளைக் கோயம்புத்தூரிலுள்ள இராணுவ ஆள்சேர்ப்பு அலுவலகம் கவனிக்கிறது.

வரலாறு

படைவீரர் பிள்ளைகளுக்கெனத் தனி நிறுவனம் அமைக்கும் வழக்கம் தமிழகத்தில் 18ஆம் நூற்றாண்டிலேயே காணப்படுகிறது. சென்னையில் 1787இல் பெண் பிள்ளைகளுக்கும், 1789இல் ஆண் பிள்ளைகளுக்கும் ஆதரவற்றோர் இல்லங்கள் தொடங்கப்பட்டன. ஐரோப்பியப் படைவீரர்களின் பிள்ளைகள் இவற்றில் வளர்க்கப்பட்டனர். எழும்பூரிலிருந்த ஆண்கள் இல்லத்தின் மேற்பார்வையாளராக ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் பணியாற்றினார். திண்ணைப் பள்ளிச் சிறுவர்கள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்ட அவர், அம்முறையைத் தம் இல்லத்தில் கையாண்டார். மூத்த மாணவர் இளைய மாணவருக்குக் கற்பிக்கும் முறையையும் வளர்த்தெடுத்தார். 1797இல் அவர் இலண்டனில் வெளியிட்ட நூலின் வழியாக இது 'மதராஸ் முறை' என்ற பெயரில் பிரித்தானியாவில் பரவியது.

1858இல் உதகமண்டலத்தில் லாரன்ஸ் காப்பகம் நிறுவப்பட்டது. சென்னை மாகாணத்தில் பணியாற்றிய பிரித்தானியப் படைவீரர்களின் பிள்ளைகளுக்காக அமைந்த இது, இன்று லவ்டேலில் லாரன்ஸ் பள்ளியாக இயங்குகிறது. இந்தியப் படைவீரர்களின் மகன்களுக்கான பள்ளிகள் 1920களிலிருந்தே உருவாயின. அவற்றின் வழிவந்த ராஷ்டிரிய இராணுவப் பள்ளிகள் ஐந்தில் பெங்களூரு, பெல்காம் பள்ளிகள் தென்னிந்தியாவில் உள்ளவை.

விடுதலைக்குப் பின், அடிக்கடி இடமாற்றம் பெறும் மத்திய அரசு ஊழியர்களின் பிள்ளைகளுக்காக நாடு முழுவதும் ஒரே பாடத்திட்டம் கொண்ட பள்ளிகள் தேவை என உணரப்பட்டது. 1963இல் படைப்பிரிவுகள் நடத்திவந்த 20 பள்ளிகள் மத்தியப் பள்ளிகளாக மாற்றப்பட்டன. இவையே பின்னர் கேந்திரிய வித்தியாலயங்கள் எனப் பெயர் பெற்றன.

படைமுகாம்களில் உள்ள வசதிகள்

1966இல் தொடங்கப்பட்ட இராணுவ வீரர் மனைவியர் நலச் சங்கம், முகாம்களில் வாழும் குடும்பங்களுக்கான பணிகளைச் செய்கிறது. மாற்றுத்திறனுடைய குழந்தைகளுக்கான 'ஆஷா' சிறப்புப் பள்ளிகள் இதன் பணிகளுள் குறிப்பிடத்தக்கவை. 1983இல் அமைக்கப்பட்ட இராணுவ நலக் கல்விச் சங்கம், 130க்கும் மேற்பட்ட இராணுவப் பொதுப் பள்ளிகளை நடத்துகிறது. மழலையர் பள்ளிகளும் முகாம்களில் உள்ளன. இவை தவிர விளையாட்டுத் திடல், நூலகம், கோடை விடுமுறைப் பயிற்சி முதலியனவும் முகாம் வாழ்வின் பகுதியாக அமைகின்றன.

பணியிடத்தை ஒட்டிய குழந்தைப் பராமரிப்பு தேனி மாவட்டத்திற்கு முற்றிலும் புதியதன்று. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், 50 அல்லது அதற்கு மேற்பட்ட பெண்கள் பணிபுரியும் தோட்டங்களில் பிள்ளைக் காப்பகம் அமைப்பதைக் கட்டாயமாக்கியது. மேகமலைத் தேயிலைத் தோட்டங்கள் அச்சட்டத்தின் கீழ் வந்தவை. தோட்டத்திலும் படைமுகாமிலும் பணியிடமும் குடியிருப்பும் ஒன்றாக இருப்பதே இவ்வேற்பாட்டின் அடிப்படை. தந்தை ஓரிடத்திலும் குடும்பம் வேறிடத்திலும் வாழும்போது இவ்வேற்பாடு பயனளிப்பதில்லை.

குடும்பங்கள் ஊரில் தங்குவதற்கான காரணங்கள்

படைவீரர்களின் பணி, குடும்பத்துடன் வாழக்கூடிய அமைதி நிலையங்களுக்கும் அவ்வாறு வாழ இயலாத எல்லைப்புறக் களநிலையங்களுக்கும் இடையே மாறி மாறி அமைகிறது. குடும்பங்கள் சொந்த ஊரில் தங்குவதற்குப் பின்வருவன காரணங்களாகின்றன.

1. களநிலையப் பணிக்காலத்தில் மனைவி, மக்களை உடன் அழைத்துச் செல்ல இயலாமை.
2. அமைதி நிலையங்களிலும் குடியிருப்புப் பற்றாக்குறை. இதனைக் குறைக்க 2002இல் திருமணமான படைவீரர்களுக்கான குடியிருப்புத் திட்டம் ஒப்புதல் பெற்றது.
3. ஊரிலுள்ள நிலத்தையும் முதிய பெற்றோரையும் கவனிக்க வேண்டிய தேவை.
4. பிள்ளைகளின் பள்ளிப் படிப்பு அடிக்கடி தடைபடுவதைத் தவிர்க்கும் விருப்பம்.

இவ்வாறு தங்கும் குடும்பங்களில் தாயே குடும்பத் தலைவரின் பொறுப்புகளையும் ஏற்கிறார். அவர் வேலைக்குச் செல்பவராயின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு பெரும்பாலும் பாட்டி, தாத்தாவிடம் சேர்கிறது.

ஊரில் கிடைக்கும் சேவைகள்

ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் இந்தியாவில் 1975 அக்டோபர் 2ஆம் நாள் தொடங்கப்பட்டது. இதன் கீழ் இயங்கும் அங்கன்வாடி மையங்கள் மக்கள் வழக்கில் 'பால்வாடி' எனப்படுகின்றன. ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இணை உணவு, தடுப்பூசி, உடல்நலப் பரிசோதனை, முன்பருவக் கல்வி ஆகியவை இங்குக் கிடைக்கின்றன. கருவுற்ற பெண்களும் பாலூட்டும் தாய்மாரும் இதில் பயன் பெறுகின்றனர். படைவீரர் குழந்தை என்ற தனிப் பிரிவு இங்கில்லை. ஊரின் பிற குழந்தைகளுடன் அக்குழந்தையும் சேர்க்கப்படுகிறது.

இத்துறையில் பழைய மதுரை மாவட்டத்திற்குத் தனி இடமுண்டு. உலக வங்கியின் உதவியுடன் 1980இல் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம், முதலில் அம்மாவட்டத்தின் கொட்டாம்பட்டி ஒன்றியத்திலேயே செயற்படுத்தப்பட்டது. 1982 சூலை 1 முதல் முதலமைச்சர் ம. கோ. இராமச்சந்திரனின் சத்துணவுத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. அரசுத் தொடக்கப் பள்ளி மாணவர்களுக்கான காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கப்பட்டு, 2023 ஆகத்து முதல் மாநிலம் முழுவதும் விரிவாக்கப்பட்டது.

பள்ளிக் கல்வி

கேந்திரிய வித்தியாலயங்களின் சேர்க்கையில் மத்திய அரசு ஊழியர்கள், முன்னாள் படைவீரர்கள் ஆகியோரின் பிள்ளைகளுக்கு முதல் முன்னுரிமை அளிக்கப்படுகிறது. மதுரையில் இத்தகைய பள்ளிகள் உள்ளன.

உறைவிடப் பள்ளியை நாடுவோருக்கு அமராவதிநகர் சைனிக் பள்ளி முதன்மையானது. 1962 சூலை 16ஆம் நாள் தொடங்கப்பட்ட இப்பள்ளி, திருப்பூர் மாவட்டம் உடுமலைப்பேட்டைக்கு அருகில் அமராவதி அணையை ஒட்டி அமைந்துள்ளது. 6ஆம், 9ஆம் வகுப்புகளில் நுழைவுத் தேர்வின் வழியாகச் சேர்க்கை நடைபெறுகிறது. 6ஆம் வகுப்புக்கான தேர்வைத் தமிழிலும் எழுதலாம். இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கான இடங்கள் போக எஞ்சியவற்றில் படைவீரர் பிள்ளைகளுக்கு 25 விழுக்காடு ஒதுக்கப்படுவது வழக்கம். 2021-22 கல்வியாண்டு முதல் சைனிக் பள்ளிகள் அனைத்தும் பெண் பிள்ளைகளையும் சேர்க்கின்றன.

உதவித்தொகைகள்

பணியிலுள்ளோர், ஓய்வு பெற்றோர், உயிரிழந்தோர் எனப் படைவீரரின் நிலையைப் பொறுத்து உதவிகள் வேறுபடுகின்றன.

குழந்தைகள் கல்விப் படி: பணியிலுள்ளோருக்கு இரு பிள்ளைகள் வரை வழங்கப்படுகிறது. மாதம் ரூ. 2,250 ஆக இருந்த இது, 2024 சனவரி முதல் ரூ. 2,812.50 ஆக உயர்த்தப்பட்டது. விடுதியில் தங்கிப் படிப்போருக்கு விடுதி மானியம் பெற வழியுண்டு.

பிரதமரின் கல்வி உதவித்தொகை: 2006-07இல் தொடங்கியது. முன்னாள் படைவீரர்களின் பிள்ளைகளும் கைம்பெண்களும் தொழிற்கல்வி பயில ஆண்டுதோறும் 5,500 பேருக்கு வழங்கப்படுகிறது. 2019-20 முதல் ஆண்களுக்கு மாதம் ரூ. 2,500, பெண்களுக்கு ரூ. 3,000 என்பது இதன் அளவு.

கல்விச் சலுகைத் திட்டம்: 1971 போரையடுத்து 1972இல் நடைமுறைக்கு வந்தது. போர் நடவடிக்கையில் உயிரிழந்தோர், காணாமற்போனோர், ஊனமுற்றோர் ஆகியோரின் பிள்ளைகளுக்குக் கல்விக் கட்டணம் திரும்ப அளிக்கப்படுகிறது. 2017 சூலையில் இதற்கு மாதம் ரூ. 10,000 என உச்சவரம்பு விதிக்கப்பட்டது. எதிர்ப்பு எழுந்ததால் 2018 மார்ச்சில் அவ்வரம்பு நீக்கப்பட்டது.

இவை தவிர, 2003 ஏப்ரல் 1 முதல் செயற்படும் முன்னாள் படைவீரர் பங்களிப்பு மருத்துவத் திட்டம், ஓய்வு பெற்றோரைச் சார்ந்த பிள்ளைகளுக்கும் மருத்துவ வசதி அளிக்கிறது.

மாவட்ட அளவில் முன்னாள் படைவீரர் நல அலுவலகமே இக்குடும்பங்களுக்கும் அரசுக்கும் இடையிலான இணைப்பாகும். உதவித்தொகை விண்ணப்பங்களும் சான்றிதழ்களும் இதன் வழியாகச் செல்கின்றன. ஆண்டுதோறும் டிசம்பர் 7ஆம் நாள் கொண்டாடப்படும் கொடிநாளில் திரட்டப்படும் நிதி, முன்னாள் படைவீரர்கள், அவர்களைச் சார்ந்தோர் ஆகியோரின் நலனுக்குப் பயன்படுகிறது.

இளையோர் பயிற்சி

1948ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த தேசிய மாணவர் படை, பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு அணிவகுப்பு, முகாம் வாழ்வு, துப்பாக்கி சுடுதல் முதலியவற்றில் பயிற்சி அளித்து 'ஏ', 'பி', 'சி' சான்றிதழ்களை வழங்குகிறது. இது எல்லா மாணவர்களுக்கும் உரியது. படைமுகாமைக் காணாமலேயே வளரும் படைவீரர் பிள்ளைகளுக்குத் தந்தையின் பணியைப் பற்றி நேரடி அறிமுகம் கிடைக்கும் வாய்ப்பாகவும் இது அமைகிறது.

பிற நாடுகளில்

ஐக்கிய அமெரிக்காவில் 1989இல் இராணுவக் குழந்தைப் பராமரிப்புச் சட்டம் இயற்றப்பட்டது. அது தளங்களிலுள்ள காப்பகங்களின் தரம், பணியாளர் பயிற்சி, ஆய்வு ஆகியவற்றை வரையறுத்தது. கட்டணமும் குடும்ப வருமானத்திற்கு ஏற்ப அமைக்கப்பட்டது. பள்ளி மாறும் படைவீரர் பிள்ளைகளின் சேர்க்கை, மதிப்பெண், தேர்ச்சி ஆகியவற்றை ஒழுங்குபடுத்த மாநிலங்களுக்கு இடையிலான உடன்படிக்கை ஒன்று 2008இல் நடைமுறைக்கு வந்தது. இப்போது 50 மாநிலங்களும் அதில் இணைந்துள்ளன. இங்கிலாந்தில் 2011 முதல் படைவீரர் பிள்ளைகள் பயிலும் அரசுப் பள்ளிகளுக்கு ஒவ்வொரு பிள்ளைக்கும் கூடுதல் நிதி வழங்கப்படுகிறது. முகாமுக்கு வெளியே உள்ள பொதுப் பள்ளியையும் இவ்வுதவி சென்றடைவது குறிப்பிடத்தக்கது.

சிக்கல்கள்

தேனி போன்ற மாவட்டங்களில் மூன்று சிக்கல்கள் முதன்மையானவை.

முதலாவது பராமரிப்பு. கல்விப் படி, உதவித்தொகை முதலியன பள்ளிச் செலவை ஈடுசெய்கின்றன. ஆனால் தந்தை எல்லையில் இருக்கும்போது நோயுற்ற குழந்தையை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவோ, தாய் வேலைக்குச் செல்லும்போது கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளவோ அவற்றில் வழியில்லை. முகாமில் அண்டை வீட்டாரும் படைவீரர் குடும்பத்தினராக இருப்பதால் கிடைக்கும் ஆதரவு ஊரில் உறவினரையே சார்ந்துள்ளது.

இரண்டாவது மொழி. முகாம்ப் பள்ளிகளில் ஆங்கிலமும் இந்தியுமே முதன்மையாகக் கற்பிக்கப்படுகின்றன. சிப்பாய் நிலையில் ஓய்வூதியம் பெற 15 ஆண்டுப் பணி தேவை. பலர் நாற்பது வயதையொட்டி ஊர் திரும்புகின்றனர். அப்போது பிள்ளைகள் நடுநிலை அல்லது உயர்நிலை வகுப்பில் இருப்பர். தமிழ்நாடு தமிழ் கற்றல் சட்டம் 2006இல் இயற்றப்பட்டு, 10ஆம் வகுப்பு வரை தமிழ் படிப்படியாகக் கட்டாயப் பாடமாக்கப்பட்டது. எனவே வட இந்தியாவில் படித்துத் திரும்பும் பிள்ளை, வீட்டில் பேசும் மொழியைப் பள்ளியில் புதிதாக எழுதப் பழக வேண்டியுள்ளது.

மூன்றாவது தகுதி. 2022இல் அறிமுகமான அக்னிபத் திட்டத்தில் சேருவோரில் 25 விழுக்காடு வரையிலானோரே நான்கு ஆண்டுகளுக்குப் பின் தொடர்ந்து பணியில் வைத்துக்கொள்ளப்படுவர். எஞ்சியோருக்கு ஓய்வூதியமோ, முன்னாள் படைவீரர் என்ற நிலையோ, அதற்குரிய மருத்துவத் திட்டமோ இல்லை. முன்னாள் படைவீரர் என்ற தகுதியை அடிப்படையாகக் கொண்ட உதவிகள் அவர்களுடைய பிள்ளைகளுக்குக் கிடைக்காது. அத்தகைய குடும்பங்களைப் பொறுத்தவரை அங்கன்வாடியும் அரசுப் பள்ளியும் மட்டுமே நிலையான ஆதரவாக எஞ்சுகின்றன.

இவற்றையும் பார்க்க

கம்பம் பள்ளத்தாக்கு
அமராவதிநகர் சைனிக் பள்ளி
ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள்
தேசிய மாணவர் படை
மதராஸ் படைப்பிரிவு