வெடித்த மண் உறுதியான கதை

பேராக் ஈய லம்பங்களில் ஈயத்தைப் பிரித்தபின் ஒதுக்கிவைத்த ‘அமாங்’ மணல் நம்மில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். அதில் சிர்கோன் என்னும் மணியும் உண்டு. 1789-இல் பெர்லினில் கிளாப்ராத் என்ற இரசாயன அறிஞர், இலங்கையிலிருந்து வந்த சிர்கோன் கல்லை ஆராய்ந்து, அதனுள் ஒரு புதிய வெண்மண்ணைக் கண்டார். அதுவே சிர்கோனியா.

அது உருக ஏறத்தாழ 2,700 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும். அப்படியிருந்தும் அதில் ஒரு மூசை கூடச் செய்ய முடியவில்லை. ஏன்? சுட்டு ஆறவைக்கும்போது அதன் அணுக்களின் அடுக்கு மாறும், பருமன் நூற்றுக்கு நான்கைந்து பங்கு பெருகும், பாத்திரம் வெடித்துவிடும். புதுச் சட்டி அடுப்பில் விரிவதைக் கண்ட தாய்மார்களுக்கு அந்த ஏமாற்றம் புரியும்.

1929-இல் ஜெர்மனியில் ரூஃப் என்பவரும் அவர் துணைவரும் வேறு உலோக ஆக்சைடுகளைக் கலந்து அந்த அடுக்கை மாறாமல் நிறுத்தினார்கள். சுண்ணாம்பும் இதற்கு உதவும். ஆனால் 1975-இல் ஆஸ்திரேலியாவில் கார்வி குழுவினர் கண்டதே எனக்குப் பெரிதாகப் படுகிறது. அவர்கள் முழுதும் நிறுத்தாமல் அரைகுறையாக நிறுத்தினார்கள். விரிசல் வரும் இடத்தில் நுண்மணிகள் அடுக்கு மாறிப் பருத்து, அந்த விரிசலையே நெருக்கி அடைத்தன. கெடுத்த குணமே காவலாயிற்று!

பிற்காலத்தில் மில்லிமீட்டரில் பல்லாயிரத்தில் ஒரு பங்கு அளவுள்ள பொடியையும் செய்தார்கள். சிர்கோனிய உப்பையும் இட்ரிய உப்பையும் நீரில் கரைத்து, அம்மோனியா ஊற்றி, படிவதைக் கழுவிக் காயவைத்துச் சுடுவார்கள். எந்த அடுக்கு அமைந்தது என்பதை எக்ஸ்ரே கதிர் காட்டிவிடும். பல் மருத்துவர் பொருத்தும் வெள்ளைப் பல்லுறைகளில் பல இந்த மண்ணால் ஆனவையே.