மாதிரி மூத்தது, வானூர்தி இளையது



வானொலி அலையால் இயக்கப்படும் மாதிரி வானூர்தி ஒன்றைப் பிள்ளை கேட்டால் பெற்றோர் பலர் தயங்குவர். பெரிய வானூர்தியைப் பார்த்துச் செய்த பொம்மைதானே, அதற்கு இத்தனை செலவும் நேரமுமா என்பது அவர்தம் கேள்வி. ஆசிரியர்களாகிய நாமும் அதனைப் புறப்பாட நடவடிக்கைகளின் ஓரத்தில்தான் வைத்திருக்கின்றோம். ஆனால் வரலாற்றைப் புரட்டினால், மாதிரிதான் முதலில் பறந்தது என்பது தெரியவரும். மனிதனைச் சுமந்து செல்லும் இயந்திர வானூர்தி, அந்த மாதிரிகளிடம் பாடம் கற்று, ஏறத்தாழ நூறாண்டுகள் கழித்தே வானில் எழுந்தது.

1804ஆம் ஆண்டில் இங்கிலாந்து நாட்டவரான ஜார்ஜ் கேலி ஒரு கழியை எடுத்துக்கொண்டார். அதன் முன்பகுதியில் பட்டத்தின் வடிவிலான இறக்கையையும், பின்பகுதியில் கோணம் மாற்றத்தக்க வாலையும் பொருத்தினார். சிறு எடை ஒன்றை முன்னும் பின்னும் நகர்த்திச் சமநிலையைச் சரிசெய்தார். முன்னே இறக்கை, பின்னே வால் என்னும் இன்றைய அமைப்பு இந்த எளிய மாதிரியில்தான் காற்றில் மிதந்து மெய்ப்பிக்கப்பட்டது.

கேலியின் மாதிரி சரிந்து மிதந்ததே அன்றித் தன் ஆற்றலால் பறக்கவில்லை. அடுத்த படியை எடுத்து வைத்தவர் பிரான்சு நாட்டு இளைஞர் அல்போன்ஸ் பெனோ. 1871 ஆகஸ்டு 18ஆம் நாள், பாரிஸ் நகரின் துய்லரி பூங்காவில் அவர் தம் மாதிரியைப் பறக்கவிட்டார். அதன் எடை 16 கிராம். இறக்கையின் நீளம் ஏறத்தாழ 45 சென்டிமீட்டர். முறுக்கிவிடப்பட்ட ரப்பர் இழை உந்துசுழலியைச் சுழற்ற, அது 11 நொடிகளில் சுமார் 40 மீட்டர் பறந்தது. இறக்கையின் நுனிகள் சற்றே மேல்நோக்கி இருந்தமையால், பக்கவாட்டில் சாய்ந்தாலும் மாதிரி தானே நிமிர்ந்தது. வாலின் கோணம் அது தலைகுப்புற விழாமல் காத்தது. ஓட்டுநர் இல்லாமலே நிலைதடுமாறாமல் பறக்க முடியும் என்று அந்தப் 16 கிராம் உலகிற்கு எடுத்துக் காட்டியது.

இவ்விடத்தில் நமக்கு நெருக்கமான ஒரு செய்தியையும் சொல்ல வேண்டும். பெனோ இதனைச் செய்த ஆண்டில் மலாயாவில் ரப்பர்த் தோட்டமே கிடையாது. 1877ஆம் ஆண்டில்தான் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து 22 நாற்றுகள் சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவிற்கு வந்து சேர்ந்தன. அடுத்த நூற்றாண்டில் உலக ரப்பரில் பெரும்பங்கு மலாயாவிலிருந்து கப்பலேறியது. விடியற்காலையில் எழுந்து அந்தப் பால்மரங்களைச் சீவியவர்களுள் மிகப்பலர் தமிழகத்திலிருந்து வந்த நம் முன்னோர். உலகெங்கும் சிறுவர்கள் முறுக்கிப் பறக்கவிட்ட ரப்பர் இழைகளில் அவர்தம் உழைப்பும் கலந்திருக்கக்கூடும்.

பெனோ தம் முப்பதாம் வயதிலேயே, 1880இல் மறைந்தார். அதற்கு முன்பே, அவருடைய வடிவமைப்பைத் தழுவிய மேலெழும் பொம்மை ஒன்று அமெரிக்காவில் இரு சிறுவர்களின் கைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. 1878ஆம் ஆண்டு மில்டன் ரைட் என்னும் சமயப் போதகர் தம் பிள்ளைகளுக்காக அதனை வாங்கி வந்தார். மூங்கில், தக்கை, தாள், ரப்பர் இழை ஆகியவற்றால் ஆன பொம்மை அது. அப்பொழுது வில்பருக்கு 11 வயது. ஓர்வில்லுக்கு 7 வயது. பொம்மை உடைந்த பிறகு அவர்கள் தாமே புதியன செய்தனர். ஆனால் பெரிதாகச் செய்யச் செய்ய அவை பறக்க மறுத்தன. ஏனென்று அந்த வயதில் அவர்களுக்கு விளங்கவில்லை. ஒரு பொருளின் எல்லா அளவுகளையும் இரு மடங்காக்கினால் இறக்கையின் பரப்பு 4 மடங்காகும். எடையோ 8 மடங்காகும். நம் மாணவர்கள் கணிதப் பாடத்தில் எழுதும் பரப்பளவும் கன அளவும்தான் அங்கே குறுக்கே நின்றன.

இந்த உண்மை பெரிய அறிஞரையும் விட்டுவைக்கவில்லை. ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் செயலாளராக இருந்த சாமுவேல் லாங்லி, 1896 மே 6ஆம் நாள் நீராவியால் இயங்கும் ஆளில்லா மாதிரி ஒன்றைப் பொடோமாக் ஆற்றின்மேல் ஏறத்தாழ 1,000 மீட்டர் பறக்கவிட்டார். அந்த வெற்றியைக் கண்ட அமெரிக்க அரசு, ஆளைச் சுமக்கும் வானூர்தி செய்ய 50,000 டாலர் வழங்கியது. மாதிரியின் அமைப்பையே அவர் பெரிதாக்கினார். 1903 அக்டோபர் 7, டிசம்பர் 8 ஆகிய இரு நாள்களிலும் அது ஆற்றில் விழுந்தது. ஒன்பது நாள் கழித்து, டிசம்பர் 17ஆம் நாள் ரைட் சகோதரர்கள் பறந்தனர். அவர்களும் மாதிரிகளையே நம்பியிருந்தனர். ஆயினும் அவற்றைப் பெரிதாக்கும் படமாகக் கொள்ளாமல், கேள்வி கேட்கும் கருவியாகக் கொண்டனர். 1901ஆம் ஆண்டில் ஒரு மரப்பெட்டிக்குள் காற்றைச் செலுத்தி, ஏறத்தாழ 200 சிறிய இறக்கை வடிவங்களைச் சோதித்து அளந்த பிறகே அவர்கள் பெரிய இறக்கையைக் கட்டினர்.

வானொலியின் வருகை அடுத்த கட்டம். 1898ஆம் ஆண்டு நியூயார்க் நகரில் நிக்கோலா டெஸ்லா சிறு படகு ஒன்றைக் கம்பியில்லாமல் இயக்கிக் காட்டினார். மாதிரி வானூர்திக்கு அது வந்துசேர ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஆயின. மிச்சிகன் மாநிலத்தின் கலமசூ நகரைச் சேர்ந்த இரட்டையர்களான வால்டர் குட், வில்லியம் குட் இருவரும் 1930களின் பிற்பகுதியில் 'கஃப்' என்னும் மாதிரியை உருவாக்கினர். ஒருவர் மாதிரிகளைச் செய்வதில் வல்லவர். மற்றவர் வானொலிக் கருவிகளில் நாட்டம் கொண்டவர். அந்த மாதிரி இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் உள்ளது. இரட்டையர் இருவரும் பின்னாளில் இயற்பியலாளர்களாயினர்.

இக்கலைக்கு மறுபக்கமும் உண்டு. நடிகர் ரெஜினால்ட் டென்னி 1930களில் ஹாலிவுட்டில் மாதிரி வானூர்திக் கடை நடத்தினார். அவ்வார்வத்திலிருந்து பிறந்த அவருடைய நிறுவனம், இரண்டாம் உலகப் போரின்போது பீரங்கிப் படையினர் சுட்டுப் பழகுவதற்காக ஏறத்தாழ 15,000 ஆளில்லா வானூர்திகளைச் செய்து கொடுத்தது. இன்றைய போர்க்களத்து ட்ரோன்களின் முன்னோடிகளுள் அவையும் அடங்கும். பிள்ளைகளுக்கு வெற்றிக் கதையை மட்டும் சொல்லிவிட்டு இதனை மறைப்பது முறையாகாது.

பொழுதுபோக்கு வளர்ந்தபோது ஓர் ஒழுங்குமுறையும் உடன் வளர்ந்தது. முன்பெல்லாம் ஒரே அலைவரிசையை ஒரே நேரத்தில் இருவர் பயன்படுத்தினால் மாதிரி கட்டுப்பாட்டை இழந்து விழும். ஆகவே பறக்கும் திடல்களில் ஒரு பலகை இருக்கும். அலைவரிசை எண் பொறித்த கவ்வியை அதிலிருந்து எடுத்தவரே தம் கருவியை இயக்கலாம். பறந்து முடித்ததும் கவ்வியைத் திருப்பி மாட்ட வேண்டும். அடுத்தவரின் உழைப்பு தன் கையிலும் இருக்கிறது என்பதனை அந்தச் சிறு கவ்வி கற்றுக் கொடுத்தது. 2000களின் நடுப்பகுதியில் 2.4 கிகாஹெர்ட்ஸ் கருவிகள் பரவிய பின்னர் அந்தத் தேவை பெரிதும் குறைந்துவிட்டது.

பொறுமைக்குச் சான்று வேண்டுமெனில் மேனார்ட் ஹில் என்பவரைச் சொல்லலாம். 2003ஆம் ஆண்டில் அவருக்கு வயது 77. கண்பார்வையும் செவிப்புலனும் பெரிதும் குன்றியிருந்தன. அவரும் நண்பர்களும் அட்லாண்டிக் பெருங்கடலைக் கடக்க அனுப்பிய முந்தைய மாதிரிகள் கடலில் தொலைந்தன. அவ்வாண்டு ஆகஸ்டில் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்திலிருந்து புறப்பட்ட 'டேம் 5', எரிநெய்யோடு சேர்த்து 5 கிலோவுக்கும் குறைவான எடையுடையது. பால்சா மரத்தை முதன்மையாகக் கொண்டு செய்யப்பட்ட அது, 38 மணி 52 நிமிடங்களில் 3,000 கிலோமீட்டருக்கு மேல் பறந்து அயர்லாந்தில் இறங்கியது. 1919இல் மனிதர் முதன்முதலாக நில்லாமல் அட்லாண்டிக்கைக் கடந்து இறங்கிய இடமும் அதன் அருகில்தான் உள்ளது.

இன்று கடைகளில் பெட்டியைத் திறந்ததும் பறக்கும் மாதிரிகள் கிடைக்கின்றன. அவற்றுள் பல தாமே சமநிலை கொள்கின்றன. அவற்றை வாங்குவதில் தவறில்லை. எனினும் மேற்கூறிய வரலாற்றில் வரும் ஒவ்வொருவரும் செய்தனர், உடைத்தனர், ஏன் உடைந்தது என்று பார்த்து மீண்டும் செய்தனர். அந்த நடுப்பகுதி பெட்டியில் அடைபட்டு வருவதில்லை.

ஆகவே பெற்றோருக்கும் சக ஆசிரியர்களுக்கும் என் வேண்டுகோள் இதுதான். தொடக்கம் தாளும் மெல்லிய மரக்குச்சியும் ரப்பர் இழையுமாக இருக்கட்டும். மாதிரி மூக்குக் குத்தி விழும்போது நாம் ஓடிச் சென்று திருத்திவிட வேண்டாம். எடையைப் பின்னால் நகர்த்திப் பார்க்கலாமே என்று பிள்ளை தானே சொல்லும்வரை காத்திருப்போம். வானொலிக் கருவிக்குச் செல்லும்போது நாட்டின் சட்டத்தையும் சேர்த்தே கற்பிப்போம். எடுத்துக்காட்டாக, சிங்கப்பூரில் 250 கிராமுக்கு மேற்பட்ட ஆளில்லா வானூர்திகளைப் பதிவு செய்வது 2020ஆம் ஆண்டு முதல் கட்டாயமாயிற்று. வரும் பள்ளி விடுமுறையில் ஒரு பிற்பகலை இதற்கென ஒதுக்கிப் பாருங்கள்.