மூன்றாவது கட்டத்தின் கதை

கோ-வென்ட்-கான், ஈட்-ஏட்-ஈட்டன், ரைட்-ரோட்-ரிட்டன்... பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு மாதிரி ராகம் போட்டு இதை ஒப்பித்த கூட்டத்தில் நீங்களும் ஒருவர் என்றால் இந்தப் பதிவு உங்களுக்குத்தான். முதல் கட்டம் பிரசன்ட், இரண்டாவது பாஸ்ட், மூன்றாவது பாஸ்ட் பார்ட்டிசிப்பிள். முதல் இரண்டில் யாருக்கும் பெரிய தகராறு கிடையாது. ஆளைக் கவிழ்ப்பது இந்த மூன்றாவதுதான். ஒரு குரூப் டிஸ்கஷனில் ஒருவன் 'ஐ ஹேவ் வென்ட்' என்று சொல்லிவிட்டால் போதும், அவன் சொல்ல வந்த விஷயம் எவ்வளவு உருப்படியானதாக இருந்தாலும் சரி, சுற்றி இருப்பவர்கள் உதட்டில் ஒரு சிரிப்பு ஓடும். தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு கல்லூரிக்கு வருகிறவர்கள் பலர் வாயையே திறக்காமல் மூன்று வருஷத்தை ஓட்டுவதற்கு அந்தச் சிரிப்பும் ஒரு காரணம்.

எனக்கு நெடுநாளாக ஒரு கேள்வி. அந்தச் சிரிப்பு எந்தக் காலத்தில் தொடங்கியது? இது சரி, இது தப்பு என்று யார் உட்கார்ந்து முடிவு செய்தார்கள்? நான் படிப்பது பி.காம்., மொழியியல் இல்லை. ஆனாலும் தேடிப் படித்தேன். நம்முடைய லெட்ஜருக்கும் இதில் கொஞ்சம் பங்கு இருக்கிறது, அதைப் பின்னால் சொல்கிறேன்.

கதை ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் தொடங்குகிறது. அன்றைய ஆங்கிலம் ஜெர்மன் மொழியின் உடன்பிறப்பு மாதிரி இருந்தது. அதில் வினைச்சொற்கள் இரண்டு ஜாதி. ஒன்று, சொல்லின் நடுவில் இருக்கும் உயிரோசையை மாற்றிக் காலம் காட்டும்: சிங், சாங், சங். இன்னொன்று, கடைசியில் 'ட்' அல்லது 'ட' ஓசையை ஒட்டிக்கொண்டு காலம் காட்டும்: லவ், லவ்டு. முதலாவதற்கு வலிய வினை என்றும் இரண்டாவதற்கு மெலிய வினை என்றும் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெயர் வைத்தவர் ஜேக்கப் கிரிம். ஆமாம், தேவதைக் கதைகள் தொகுத்த அதே கிரிம் சகோதரர்களில் மூத்தவர்தான். தேவதைகளுக்கு நடுவில் இலக்கணத்துக்கும் நேரம் இருந்திருக்கிறது மனிதருக்கு!

பழைய ஆங்கிலத்தில் வலிய வினைகள் முந்நூறுக்கும் மேல். அவை ஏழு வகுப்புகளாக, ஒழுங்காகத்தான் இருந்தன. இன்று நாம் 'ஒழுங்கற்ற வினை' என்று திட்டிக்கொண்டே மனப்பாடம் செய்வது உண்மையில் ஒரு பழைய ஒழுங்கின் இடிபாடு. இடிந்தது எப்படி என்பதுதான் சுவாரசியம்.

அப்போது ஒரு வலிய வினைக்கு மூன்று கட்டம் இல்லை, நான்கு. இறந்தகாலத்திலேயே ஒருமைக்கு ஒரு வடிவம், பன்மைக்கு வேறு வடிவம். 'பாடினேன்' என்பதற்கு 'சாங்', 'பாடினோம்' என்பதற்கு 'சுங்கோன்', மூன்றாவது கட்டமாக நாம் சொல்லும் பார்ட்டிசிப்பிளுக்கு 'சுங்கென்'. காலப்போக்கில் வினையின் கடைசி அசைகள் தேய்ந்தன, இறந்தகாலத்தில் ஒருமை பன்மை வேறுபாடு மறைந்தது. இரண்டு வடிவத்தில் ஒன்றை விட்டாக வேண்டும். எதை விடுவது என்று யாரும் சட்டம் போடவில்லை. 'சிங்' ஒருமை வடிவத்தை வைத்துக்கொண்டது, அதனால் சாங், சங் என்று இரண்டும் தனித்தனியாக நிற்கின்றன. 'ஃபைண்ட்', 'பைண்ட்' இரண்டும் பன்மை வடிவத்தின் பக்கம் சாய்ந்தன. அது பார்ட்டிசிப்பிளின் ஓசையோடு ஒன்றாக இருந்ததால் ஃபவுண்ட்-ஃபவுண்ட், பவுண்ட்-பவுண்ட் என்று இரண்டு கட்டமும் ஒன்றாகிவிட்டன. ஒரே வகுப்புத் தோழர்கள், ஆளுக்கு ஒரு பக்கம் போய்விட்டார்கள்.

(நாம் மட்டும் என்ன ஒழுங்கு? 'நில்' என்றால் நின்ற, 'கல்' என்றால் கற்ற, 'சொல்' என்றால் சொன்ன. மூன்றும் 'ல்'லில்தான் முடிகின்றன. தமிழ் கற்க வந்த வெளிநாட்டுக்காரரிடம் இதற்குக் காரணம் சொல்லிப் பாருங்கள்.)

'வென்ட்' விஷயத்துக்கு வருவோம். அது 'கோ'வின் பிள்ளையே இல்லை. 'வெண்ட்' என்று ஒரு வினை இருந்தது, திரும்பிச் செல்வது, வழி நடப்பது என்ற பொருளில். செண்ட்-சென்ட், பெண்ட்-பென்ட், ஸ்பெண்ட்-ஸ்பென்ட் மாதிரி அதன் இறந்தகாலம் வென்ட். 'கோ'வுக்கு முன்பு இருந்த சொந்த இறந்தகாலம் வழக்கொழிந்துபோக, 15ஆம் நூற்றாண்டு வாக்கில் பக்கத்து வீட்டு வென்ட் அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டது. கான் மட்டும் பழைய வீட்டுப் பிள்ளை. மனப்பாடம் செய்யாமல் கோவிலிருந்து வென்ட்டை ஊகிக்கவே முடியாது என்பதற்கு இதுதான் காரணம்.

பழைய பார்ட்டிசிப்பிள்கள் சில வினையை இழந்துவிட்டு அநாதையாகத் திரிகின்றன. மரத்துப்போன கையை 'நம்ப்' என்கிறோம் அல்லவா, அது 'எடு' என்று பொருள்பட்ட ஒரு பழைய வினையின் மூன்றாவது கட்டம். வைக்கிங்குகள் கொண்டுவந்த 'டேக்' என்ற சொல் அந்த வினையை விரட்டிவிட்டது. கை 'எடுத்துக்கொள்ளப்பட்டது', அதனால் உணர்வில்லை! 'ஃபர்லார்ன்' என்பதில் இருப்பது 'லூஸ்' என்ற வினையின் பழைய பார்ட்டிசிப்பிள். 'மெல்ட்' இன்று மெல்டட் ஆகிவிட்டது, ஆனால் எரிமலைக் குழம்பு மட்டும் இன்னும் 'மோல்ட்டன்'தான். 'ஹெல்ப்' கூட ஒரு காலத்தில் வலிய வினை. 1611இல் வெளிவந்த கிங் ஜேம்ஸ் பைபிளில் 'ஹோல்பன்' என்ற வடிவத்தைப் பார்க்கலாம். இன்று அப்படி எழுதினால் எந்த வாத்தியாரும் சிவப்பு மையை எடுத்துவிடுவார்.

இனிதான் முக்கியமான இடம். மெலிய வினைகளில் இரண்டாவது கட்டமும் மூன்றாவது கட்டமும் ஒன்றே: வாக்டு-வாக்டு, லவ்டு-லவ்டு. ஆங்கில வினைகளில் மிகப் பெரும்பான்மை இந்த ரகம். அதனால் பேசுகிறவர்கள் வலிய வினைகளையும் அதே மாதிரி ஆக்கப் பார்த்தார்கள். 'ரிட்டன்' எதற்கு, 'ரோட்' போதுமே என்று. இது படிக்காதவர்கள் செய்த வேலை என்று நினைக்காதீர்கள். ஷேக்ஸ்பியர் 'ஸ்போக்கன்' வரவேண்டிய இடத்தில் 'ஸ்போக்' என்று எழுதியிருக்கிறார். மில்டன் 'ஃபர்சேக்கன்' வரவேண்டிய இடத்தில் 'ஃபர்சுக்' என்கிறார். இன்னும் ஒன்று. தாமஸ் கிரேயின் புகழ்பெற்ற கல்லறைத் தோட்டக் கவிதை 1751இல் முதன்முதலாகப் புத்தகமாக அச்சாகி வந்தபோது அதன் தலைப்பு என்ன தெரியுமா? 'அன் எலிஜி ரோட் இன் எ கன்ட்ரி சர்ச் யார்டு'. ரிட்டன் இல்லை, ரோட்! அட்டையிலேயே, கொட்டை எழுத்தில். இன்று நம் வகுப்பில் யாராவது அப்படி எழுதினால் அரை மார்க் போய்விடும்.

பதினோரு வருஷம் கழித்து, 1762இல், ராபர்ட் லௌத் என்ற பாதிரியார் ஆங்கில இலக்கணத்துக்கு ஒரு சிறிய அறிமுகநூல் வெளியிட்டார். தன் மகனுக்காக எழுதத் தொடங்கியது, முதல் பதிப்பில் ஆசிரியர் பெயர்கூட இல்லை. பின்னாளில் லண்டனின் பிஷப்பாகவே ஆனவர். அந்தப் புத்தகத்தின் அடிக்குறிப்புகளில் பெரிய தலைகளை எல்லாம் வரிசையாக நிறுத்திக் குட்டியிருக்கிறார்: ஷேக்ஸ்பியர், மில்டன், டிரைடன், அடிசன், போப், ஸ்விஃப்ட். இரண்டாவது கட்டத்தை மூன்றாவது கட்டத்தின் இடத்தில் போடுவது அவர் கண்ணில் வளர்ந்துகொண்டே போகும் ஒரு கேடு.

வேடிக்கை என்னவென்றால், லௌத் எழுதிய கடிதங்களைப் பிற்காலத்தில் ஆராய்ந்தவர்கள், அவர் தன் மனைவிக்கு எழுதும்போது ரிட்டன் வரவேண்டிய இடத்தில் 'ரோட்' என்று எழுதியிருப்பதைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். வீட்டுக்கு ஒரு பேச்சு, ஊருக்கு ஒரு பேச்சு! இதை வைத்து அவரைப் போலி என்று சிலர் சொல்லக்கூடும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நெருங்கியவர்களுக்கு எழுதும் நடை ஒன்று, அச்சில் ஏறும் நடை வேறு என்று எல்லா மொழியிலும் இருக்கிறது. நாம் அம்மாவுக்குப் போனில் பேசும் தமிழிலா பரீட்சை எழுதுகிறோம்?

ஆனால் அவர் புத்தகம் வந்த நேரம் அப்படி. வியாபாரத்தில் காசு பார்த்த ஒரு புதிய வர்க்கம் இங்கிலாந்தில் எழுந்து வந்துகொண்டிருந்தது. பணம் இருந்தது, பெரிய மனிதர்களோடு உட்கார்ந்து பேசும் பாஷை இல்லை. 'எது சரி' என்று சொல்லித்தரும் புத்தகத்துக்குக் கிராக்கி. 1795இல் லிண்ட்லி மர்ரே என்ற அமெரிக்கர், இங்கிலாந்தில் யார்க் நகரத்தில் குடியேறியவர், லௌத்திடமிருந்து நிறைய எடுத்துக்கொண்டு ஒரு பள்ளி இலக்கணம் எழுதினார். அது பதிப்பு மேல் பதிப்பாக விற்றுத் தள்ளியது. இரண்டு தலைமுறை இப்படிப் படித்து வளர்ந்தபின் 'ஹேவ் ரோட்' என்பது படிப்பில்லாதவன் பேச்சு என்று ஆகிவிட்டது. நான் தேடிய சிரிப்பின் பிறந்த தேதி கிட்டத்தட்ட இங்கேதான் கிடைக்கிறது.

அந்தக் கதவு சாத்தப்படுவதற்கு முன்னால் உள்ளே நுழைந்தவர்கள் பிழைத்துக்கொண்டார்கள். இது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. 'ஸ்டாண்ட்' வினையின் அசல் மூன்றாவது கட்டம் 'ஸ்டாண்டன்'. 'ஹோல்டு'க்கு 'ஹோல்டன்'. இரண்டாவது கட்டத்து ஸ்டுட், ஹெல்டு இரண்டும் மூன்றாவது கட்டத்தைப் பிடித்துக்கொண்டன. அதாவது 'ஐ ஹேவ் ஸ்டுட்', 'ஐ ஹேவ் ஹெல்டு' இரண்டும் பிறப்பால் 'ஐ ஹேவ் வென்ட்' செய்யும் அதே தப்புதான். முன்னது இரண்டையும் பார்லிமெண்டில் பேசலாம். பின்னதைப் பேசினால் சிரிப்பார்கள். ஸ்காட்லாந்திலும் அமெரிக்காவின் மலைப்பகுதிகளிலும் ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்டவர்கள் 'ஹேவ் வென்ட்', 'ஹேவ் டுக்' என்று இன்றும் பேசுகிறார்கள். அவர்களையும் பார்த்துச் சிரிக்கத்தான் செய்கிறார்கள். 'காட்டன்' கதை இன்னும் வேடிக்கை. 'கெட்' வினையின் பழைய பார்ட்டிசிப்பிள் அது. இங்கிலாந்துக்காரர்கள் அதைக் கைவிட்டார்கள், கப்பலேறிப் போன அமெரிக்கர்கள் விடவில்லை. இப்போது அது அமெரிக்கக் கொச்சை என்று இங்கிலாந்தில் முகம் சுளிப்பவர்கள் உண்டு. பாட்டன் சொத்தைப் பேரனே யாருடையது என்று கேட்கிற மாதிரி!

இந்தியாவுக்கு இந்தப் பட்டியல் புத்தகம் வழியாகவே வந்தது. நமக்கெல்லாம் தெரிந்த பெயர் ரென் அண்ட் மார்ட்டின். 1930களில் வந்தது. பி.சி. ரென் பம்பாய் மாகாணத்தில் கல்வித்துறையில் வேலை பார்த்தவர், 'போ ஜெஸ்ட்' என்ற சாகச நாவல் எழுதியவரும் அவரே. பின்னால் என்.டி.வி. பிரசாத ராவ் திருத்திய பதிப்புதான் நம் வீட்டு அலமாரிகளில் இருப்பது. காதால் கேட்டு வளர்ந்தவனுக்குப் பட்டியல் தேவையில்லை. பட்டியலை மட்டுமே நம்பி வந்த நமக்கு, பட்டியலில் இருப்பது எல்லாம் கல்லில் வெட்டியது போலத் தோன்றுவதில் ஆச்சரியம் இல்லை.

லெட்ஜருக்கு வருகிறேன். 'டு பேலன்ஸ் பி/டி' என்று போடுகிறோமே, அது 'பிராட் டவுன்'. 'சி/டி' என்றால் 'கேரிட் டவுன்'. வாராக்கடன் 'ரிட்டன் ஆஃப்'. பெய்ட்-அப் கேப்பிடல், ப்ரீபெய்ட் ரெண்ட், அக்ரூடு இன்ட்ரஸ்ட்... கணக்குப் புத்தகம் முழுக்க மூன்றாவது கட்டம்தான். நடந்து முடிந்ததை மட்டும் எழுதும் புத்தகம் வேறு எப்படி இருக்கும்? டெபிட், கிரெடிட் இரண்டுமே லத்தீன் மொழியின் பார்ட்டிசிப்பிள்கள். 'டெபிட்டும்' என்றால் கடன்பட்டது, 'கிரெடிட்டும்' என்றால் நம்பி ஒப்படைக்கப்பட்டது. முதல் வருஷம் முழுக்க இதைத் தெரியாமலேயே எண்ட்ரி போட்டுக்கொண்டிருந்தோம் :)

சரி, இதையெல்லாம் தெரிந்துகொண்டால் மூன்றாவது கட்டம் சரியாக வருமா? என் அனுபவத்தில் ஓரளவு உதவுகிறது. ஏ முதல் இசட் வரை அகர வரிசையில் உருப்போடுவதுதான் இருப்பதிலேயே மோசமான வழி, ஏனென்றால் அது குடும்பங்களைப் பிரித்துவிடுகிறது. சிங், ட்ரிங்க், ஸ்விம், பிகின், சிங்க், ரிங் ஒரு குடும்பம்: நடுவில் 'ஆ', கடைசியில் 'அ'. ('ரிங்' உண்மையில் மெலிய வினையாகப் பிறந்து இந்தக் குடும்பத்தில் தத்து வந்தது.) டிரைவ், ரைட், ரைடு ஒன்று. நோ, க்ரோ, த்ரோ, ப்ளோ ஒன்று. புட், கட், ஹிட், காஸ்ட் எல்லாம் ஏற்கெனவே 'ட்'டில் முடிவதால் இன்னொரு 'ட்' ஒட்ட இடமில்லாமல் அப்படியே நின்றுவிட்டவை. இப்படிச் சொந்தபந்தமாகப் படித்தால் பாதிச் சுமை குறைகிறது. மீதிப் பாதிக்கு மனப்பாடத்தைத் தவிர வழி இல்லை. இன்டர்வியூவில் 'லௌத் மட்டும் இல்லையென்றால்...' என்று வாதாட முடியாது.

கடைசியாக ஒரு கணக்கு. 2007இல் எரெஸ் லீபர்மன் முதலான ஹார்வர்டு ஆய்வாளர்கள் 'நேச்சர்' இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பழைய ஆங்கிலத்தின் 177 ஒழுங்கற்ற வினைகளை எடுத்துப் பின்தொடர்ந்தார்கள். இடைக்கால ஆங்கிலத்தில் அவற்றில் 145 அப்படியே இருந்தன, இன்று 98. நூறு மடங்கு குறைவாகப் புழங்கும் வினை பத்து மடங்கு வேகமாக ஒழுங்குக்கு வந்துவிடுகிறதாம். நாம் டெப்ரிசியேஷன் போடும் 'ரிட்டன் டவுன் வேல்யூ' முறை மாதிரியே தேய்மானம் (பெயரிலேயே ஒரு பார்ட்டிசிப்பிள்!). அதிகம் புழங்கும் பீ, ஹேவ், டூ, கோ எல்லாம் தேயவே தேயாது போலிருக்கிறது, நமக்கு அதில் விமோசனம் இல்லை. அடுத்து விழப்போவது 'வெட்' என்ற வினை என்று அவர்கள் கணித்திருக்கிறார்கள். வெட்-வெட்-வெட் போய் வெடட் ஆகிவிடுமாம். 'நியூலி வெட்' என்று சொல்லிக்கொள்ள ஆசைப்படுகிறவர்கள் கொஞ்சம் சீக்கிரம் பத்திரிகை அடித்துவிடுங்கள்.