வணிக மென்பொருள் மேடையில் அயலார் செயலிகள்

வணிகஞ் செய்வார்க்குக் கணக்கேடு உயிர்போன்றது. கொள்வோர் யாவர், வரவேண்டிய கடன் எவ்வளவு, எஞ்சிய சரக்கு யாது என்பன அவ்வேட்டிலேதான் ஒருங்கே காணப்படும். ஆதலின் ஏட்டை அயலார் கையிற் கொடாது காத்தல் வணிகர்க்குப் பொதுவான வழக்கமாயிற்று. கணினி வந்த பின்னரும் இவ்வழக்கம் உடனே மாறவில்லை. 1972ஆம் ஆண்டிலே ஜேர்மனியில் ஐவர் கூடித் தொடங்கிய எஸ்.ஏ.பி. கொம்பனி போன்றவை ஆக்கிய மென்பொருள்கள் நெடுங்காலம் வணிக நிலையங்களின் சொந்தக் கணினிகளிலேயே இயங்கின. பிறர் ஆக்கிய வேறொரு மென்பொருளை அவற்றோடு பொருத்துதல் பெரும்பொருளும் பல மாத உழைப்பும் வேண்டும் பணியாயிருந்தது.

ஏடு வீட்டை விட்டு வெளியேறிய காலம் இருபதாம் நூற்றாண்டின் இறுதியாகும். 1999இல் மார்க் பெனியொவ், பார்க்கர் ஹரிஸ் முதலியோர் அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ நகரிலே சேல்ஸ்போர்ஸ் என்னும் கொம்பனியை நிறுவினர். வாடிக்கையாளர் பற்றிய பதிவுகளைத் தம் கணினிகளில் வைத்துப் பேணி, இணைய உலாவியின் வாயிலாக எவ்விடத்திருந்தும் பயன்படுத்தச் செய்வதே அவர்தம் முறை. ஆயினும், ஒவ்வொரு தொழிலும் வேண்டும் கருவிகள் அனைத்தையும் ஒரு கொம்பனியே ஆக்கித் தருதல் இயலாத காரியம். எனவே, பிறர் ஆக்கிய செயலிகளையும் தன் மேடையில் ஏற்றுக்கொள்ளும் பொருட்டு, ‘அப்எக்ஸ்சேஞ்ச்’ என்னும் சந்தையை அது 2005இல் அறிவித்து 2006இல் திறந்தது.

அயலார் செயலி தன் சேவையகத்திலேயே இயங்க, அதன் முகம் மட்டும் வணிக மென்பொருளின் திரையிலே தோன்றுவது எவ்வாறு? இதற்கு உதவியது ‘ஐபிரேம்’ எனப்படும் உட்சட்டகம். 1996இல் மைக்ரோசொப்ட்டின் உலாவியில் இடம்பெற்ற இது, 1997இல் எச்.ரி.எம்.எல். 4.0 என்னும் பொதுநெறியிலும் சேர்க்கப்பெற்றது. சுவரிலே பதித்த பலகணிபோல, ஒரு பக்கத்தினுள்ளே வேறொரு தளத்தின் பக்கத்தை இது காட்டுகின்றது. ஆனால் அப்பலகணியின் இருபுறத்தாரும் ஒருவர் பொருளை மற்றவர் தொடமுடியாது. தள முகவரி, தொடர்பு நெறி, வாயில் எண் ஆகிய மூன்றும் ஒத்த பக்கங்களே ஒன்றன் உள்ளடக்கத்தை மற்றொன்று வாசிக்கலாம் என்னும் விதி, நெற்ஸ்கேப் உலாவியின் இரண்டாம் பதிப்பிலேயே தோன்றிவிட்டது.

இவ்விதி பாதுகாப்பளித்தது, இடரும் விளைத்தது. திரையின் முன் அமர்ந்திருப்பவர் யார், அவர் எந்த வாடிக்கையாளரின் பதிவைப் பார்க்கின்றார் என்பவற்றை உட்சட்டகத்திலுள்ள செயலி தானாக அறியாது. இக்குறையை நீக்கத் தொடக்கத்திற் கையாண்ட வழிகளுள் ஒன்று, பயனாளரின் அமர்வுக் குறியீட்டை இணைய முகவரியோடு சேர்த்து அயற்செயலிக்கு அனுப்புதல். வேலை நடந்தது, ஆனால் அக்குறியீட்டைப் பெற்றவர் பயனாளருக்குரிய உரிமை யாவற்றையும் பெற்றவராவர். முகவரிகளோ உலாவியிலும் சேவையகக் குறிப்பேடுகளிலும் எழுதப்பட்டு நிற்பவை. விருந்தினனுக்கு ஓர் அறையைத் திறக்கப் புகுந்தவர் வீட்டுத் திறவுகோல் முழுவதையும் கொடுத்தவாறாயிற்று.

இவ்விடருக்கு மாற்று இரு திசைகளில் உருவாயிற்று. கடவுச்சொல்லைப் பிறர்க்குக் கொடாது, வரையறுத்த உரிமையுடைய அனுமதிச் சீட்டை மட்டும் வழங்கும் ‘ஓஓத்’ என்னும் நெறி 2007இல் வகுக்கப்பெற்றது. அதன் இரண்டாம் பதிப்பு 2012இல் வெளிவந்தது. அடுத்து, சேல்ஸ்போர்ஸ் 2013இல் ‘கன்வஸ்’ என்னும் அமைப்பைப் பொதுப் பயன்பாட்டுக்குக் கொணர்ந்தது. இதில் மேடையும் செயலியும் ஓர் இரகசியச் சொல்லைத் தம்முள் வைத்திருக்கும். பயனாளர் யார், எந்நிறுவனத்தவர், எப்பதிவைக் காண்கின்றார் என்பவற்றை மேடை ஒரு மடலாக எழுதி, அவ்விரகசியத்தைக் கொண்டு கணித்த முத்திரையையும் சேர்த்து அனுப்பும். செயலி தானும் அம்முத்திரையைக் கணித்துப் பார்த்து, இரண்டும் ஒத்தாலன்றி மடலை ஏற்காது. இடையிலே ஓர் எழுத்து மாறினும் முத்திரை பொருந்தாது.

இதற்கிடையில் உட்சட்டகத்தைத் தீயோரும் பயன்படுத்தலாயினர். நல்ல தளமொன்றைக் கண்ணுக்குப் புலப்படாதவாறு தம் பக்கத்தில் விரித்துவைத்து, பயனாளர் அறியாமலே அதன் பொத்தான்களை அழுத்தச் செய்யும் சூழ்ச்சி 2008இல் பலரறிய வெளிப்பட்டது. அதனால், தன்னை எவர் உட்சட்டகத்தில் வைக்கலாம் என்பதைத் தளமே அறிவிக்கும் முறை 2009இல் மைக்ரோசொப்ட்டின் எட்டாம் பதிப்பு உலாவியோடு நடைமுறைக்கு வந்தது. பின்னர் 2020இல், அப்பிளின் சபாரி உலாவி அயற்றளங்களின் குக்கிகளை முற்றாகத் தடுத்தது. விளம்பரக்காரர் மக்களைப் பின்தொடராதிருக்க இட்ட அத்தடை, குக்கியை நம்பியிருந்த நேர்மையான உட்செயலிகளையும் தாக்கிற்று. பயனாளரின் வருகையை நினைவில் வைக்க அவை வேறு வழி தேட நேர்ந்தது.

எனினும், சுவர் உறுதியாயிருத்தல் ஒன்றே போதாதென்பதை 2025ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் உணர்த்திற்று. சேல்ஸ்லொப்ட் கொம்பனியின் ‘டிரிப்ற்’ என்னும் உரையாடற் செயலி பல நிறுவனங்களின் சேல்ஸ்போர்ஸ் கணக்குகளோடு இணைக்கப்பெற்றிருந்தது. அச்செயலிக்கு வழங்கப்பட்ட அனுமதிச் சீட்டுகளைத் திருடியோர், நூற்றுக்கணக்கான நிறுவனங்களின் பதிவுகளை அவற்றைக் கொண்டே கவர்ந்தனர். மேடையின் சுவர் இடிக்கப்படவில்லை. விருந்தினன் கையிலிருந்த சீட்டே களவாடப்பட்டது.

இவ்வரலாற்றை நோக்குவார்க்கு ஓருண்மை புலனாகும். அயலாரை ஏற்காத மேடை வளராது. ஏற்ற மேடையோ அயலாரின் காவற் குறைவையும் தன்னதாக ஏற்க வேண்டியதாகும். எந்தச் செயலிக்கு எவ்வளவு உரிமை கொடுக்கப்பட்டது, அது இன்றும் தேவையா என்பதைக் காலந்தோறும் ஆராய்ந்து, வேண்டாதவற்றை மீளப் பெறுதல் ஏட்டுக்குடையவன் கடமையாகும். நுட்பங்கள் எத்துணை வளரினும் அக்கடமையை அவன் பிறரிடம் ஒப்புவித்துவிட இயலாது.